நண்பர்கள் சேர்ந்து சென்னையில் வாடகை வீடு எடுக்க ஒரு வழிகாட்டி

படிப்பை முடித்து முதல் வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ சென்னைக்கு வருபவர்கள் பெரும்பாலும் முதலில் ஒரு மேன்ஷனிலோ பெண்கள் விடுதியிலோ தங்குகிறார்கள். சில மாதங்களில் விடுதிச் சாப்பாடும் நான்கு கட்டில் போட்ட அறையும் அலுத்துப்போக, உடன் வேலை பார்ப்பவர்களில் இருவரையோ கல்லூரித் தோழர்களையோ சேர்த்துக்கொண்டு வீடு பார்க்கத் தொடங்குகிறார்கள். வீட்டு உரிமையாளரிடம் எப்படி எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று சொல்லித் தர அப்போது ஊரில் பலர் இருப்பார்கள். ஆனால் நண்பர்கள் தங்களுக்குள் எதைப் பேசி, எதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்பவர்கள் குறைவு. சேர்ந்து குடியிருந்த நண்பர்கள் பிற்பாடு பேச்சுவார்த்தை இல்லாமல் போவதற்குப் பெரும்பாலும் அட்வான்ஸ் கணக்கும், நடுவில் ஒருவர் கிளம்பியதும்தான் காரணமாக இருக்கின்றன. ஆகவே இந்த வழிகாட்டி வீடு தேடுவதைப் பற்றிப் பேசினாலும், அந்த இரண்டு விஷயங்களில்தான் அதிகம் தங்கும்.

தேடுவதற்கு முன்

முதலில் யார் யார் சேரப்போகிறீர்கள் என்பதை உறுதி செய்யுங்கள். நான்கு பேர் என்று கணக்குப் போட்டு மூன்று படுக்கையறை வீட்டுக்கு முன்பணம் கொடுத்த பிறகு ஒருவர் பின்வாங்கினால், மற்ற மூவரின் தலையிலும் அந்தப் பங்கு ஏறிவிடும். எனவே ஒவ்வொருவரும் மாதம் அதிகபட்சம் எவ்வளவு தர முடியும், அட்வான்ஸுக்குக் கையில் எவ்வளவு இருக்கிறது, குறைந்தது எத்தனை மாதம் இருப்பார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் தெளிவான பதில் வந்த பிறகே வீடு பார்க்கக் கிளம்புவது நல்லது. பெங்களூருக்கு மாற்றல் கேட்டிருப்பவர், அடுத்த ஆண்டு திருமணம் நிச்சயமாகவிருப்பவர், மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருப்பவர் ஆகியோர் அதை இப்போதே சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொன்னவரைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்பதில்லை. அவர் போகும் நாளுக்கு முன்கூட்டியே வழி செய்து வைக்கலாம் என்பதற்காகத்தான்.

பணத்தைப் போலவே பழக்கங்களையும் பேசிவிட வேண்டும். இரவுப் பணி முடிந்து காலை ஆறு மணிக்கு வந்து படுப்பவரும், அதே நேரத்தில் எழுந்து மிக்ஸி போடுபவரும் ஒரே வீட்டில் இருக்கலாம். ஆனால் யாருக்கு எந்த அறை என்பதை அந்த நேரக் கணக்கை வைத்தே முடிவு செய்ய வேண்டும். சமையலறையில் மீனும் மாட்டிறைச்சியும் சமைக்கலாமா, புகைப்பது வீட்டுக்குள்ளா மொட்டை மாடியிலா, காதலரோ உறவினரோ வந்து தங்கலாமா, தங்கினால் எத்தனை நாள் என்பவற்றைக் கூச்சப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள். நெருங்கிய நண்பர்தானே, அனுசரித்துக்கொள்வார் என்று விட்டுவிடுவது இரண்டு பேருக்கும் செய்யும் அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

வீடு பார்க்கும்போது

சென்னையில் திருமணமாகாதவர்களுக்கு வீடு கிடைப்பது கடினம் என்பதை மறைப்பதில் பயனில்லை. ‘குடும்பத்தினருக்கு மட்டும்’, ‘சைவம் மட்டும்’ என்று பலகையிலேயே எழுதியிருப்பார்கள். எழுதாதவர்கள் தொலைபேசியில் ஊரைக் கேட்டு, பிறகு சுற்றி வளைத்துச் சாதியையும் மதத்தையும் கேட்பார்கள். பெண்கள் சேர்ந்து எடுக்கும்போது இரவு எத்தனை மணிக்குள் வர வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்துகொள்ளும். இந்தக் கேள்விகள் தவறானவை. அவற்றுக்கு உங்களிடம் எந்தக் குறையும் காரணமில்லை. இருந்தாலும் பொய் சொல்லி ஒரு வீட்டுக்குள் நுழைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூவர் குடியிருக்கப் போவதை மறைத்து இருவர் என்று சொல்வதும், அண்ணன் தம்பி என்று சொல்வதும், பின்னாளில் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கும் நேரத்தில் உங்களுக்கு எதிராகவே திரும்பும். உரிமையாளர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் அடுக்ககங்களில் இந்தக் கெடுபிடி பொதுவாகக் குறைவு. ஆனால் அங்கே குடியிருப்போர் சங்கம் தனியாக விதிகள் வைத்திருக்கக்கூடும் என்பதால், சங்கத்தின் செயலாளரையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர்கள் வீடு மாறத் தயங்குவார்கள். அந்த மாதங்களில் காலியாகக் கிடக்கும் வீட்டுக்கு வாடகையையும் நிபந்தனைகளையும் பேசிக் குறைக்க இடம் அதிகம்.

தரகர் மூலம் போனால் ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கேட்பது நடைமுறை. அதையும் பங்கு போட வேண்டும் என்பதால், அந்தத் தொகையை முதல் மாதச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டை நேரில் பார்க்காமல், உரிமையாளர் யார் என்று தெரியாமல், படங்களை மட்டும் பார்த்து ‘டோக்கன்’ பணம் அனுப்பாதீர்கள். மின் கட்டண அட்டையிலோ சொத்து வரி ரசீதிலோ இருக்கும் பெயரும், உங்களிடம் கையெழுத்துக் கேட்பவரின் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறு என்றால், அவருக்கு என்ன அதிகாரம் என்று கேட்பதில் தவறில்லை.

சென்னையில் வீடு பார்ப்பதில் பாதி, தண்ணீரைப் பார்ப்பதுதான். கோடையில் என்ன நடக்கும், மழையில் என்ன நடக்கும் என்ற இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது குடத்துக்கும் லாரிக்கும் காத்திருந்த நகரம் இது. பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய பல குடியிருப்புகள் சாதாரண நாட்களிலேயே லாரித் தண்ணீரை நம்பியிருக்கின்றன. லாரிக்கான பணம் பராமரிப்புக் கட்டணத்துக்குள் அடங்குமா, தனியாக வருமா என்பதைப் பொறுத்து மாதச் செலவு கணிசமாக மாறும். குழாயைத் திறந்து சிறிது தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்பு அதிகமென்றால் ஹீட்டரும் வாஷிங் மெஷினும் சீக்கிரம் கெடும். மழையைப் பற்றி உரிமையாளரிடம் கேட்பதைவிட, எதிர்க்கடைக்காரரிடமும் இஸ்திரி வண்டிக்காரரிடமும் கேட்பது மேல். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேட்டால் அவர்கள் கையைக் காட்டியே சொல்லிவிடுவார்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் பக்கம் தரைத்தள வீடு பார்ப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் முன்பணம் கொடுக்கவே கூடாது.

மின்சாரத்துக்கு அந்த வீட்டுக்கென்று மின்வாரியத்தின் தனி மீட்டர் இருக்கிறதா, உரிமையாளர் வைத்த சப் மீட்டர்தானா என்று பாருங்கள். தனி மீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அரசு விலையில் கட்டணம் வரும். பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டும்போது கீழ்ப்படியில் உள்ள சில யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து உயரும் என்பதால், ஆளுக்கொரு அறையில் ஏ.சி. போடும் வீட்டில் இதைக் கவனிக்க வேண்டும். சப் மீட்டர் என்றால் யூனிட்டுக்கு எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

உரிமையாளரோடு ஒப்பந்தம்

தமிழ்நாட்டில் வீட்டு வாடகையை இப்போது ஆள்வது 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம். அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் பெற வேண்டும். அதற்கென அரசு தனி இணையதளம் வைத்திருக்கிறது. நடைமுறையில் பலர் பதினொரு மாத ஒப்பந்தம் ஒன்றை முத்திரைத்தாளில் எழுதி அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்றாலும், பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள். தகராறு என்று வந்தால் வாடகை அதிகாரியிடம் போவதற்கு அந்தப் பதிவுதான் வழி.

அட்வான்ஸ் விஷயத்தில் சென்னையின் பழைய வழக்கம் பத்து மாத வாடகை. சட்டம் மூன்று மாத வாடகையை அளவாக வைத்தாலும், இருதரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொள்ள இடம் விட்டிருக்கிறது. அதனால்தான் இன்னமும் ஐந்து, ஆறு, பத்து என்று கேட்கிறார்கள். சட்டத்தைச் சொல்லிச் சண்டை போடுவதைவிட, அதைச் சுட்டிக்காட்டி ஒன்றிரண்டு மாதங்களைக் குறைத்துப் பேசுவது பெரும்பாலும் பலன் தரும். காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கியைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. இந்த வாசகத்தை உங்கள் ஒப்பந்தத்திலும் சேர்க்கச் சொல்லுங்கள். அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். ஒவ்வொருவரும் தங்கள் பங்கைத் தங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே உரிமையாளருக்கு அனுப்பினால், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படாது.

வெள்ளையடிப்பதற்கு என்று ஒரு மாத வாடகையைக் கழிப்பது இங்கே பரவலாக இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறாக எழுதாதவரை, வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவதும் வயரிங்கைச் சரி செய்வதும் உரிமையாளரின் பொறுப்பு என்றே சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, கைப்பிடி போன்ற சிறு பழுதுகள் குடியிருப்பவரின் பொறுப்பு. எனவே கழிப்புக்கு ஒப்புக்கொள்வதாக இருந்தால் தொகையை எழுதிவிடுங்கள். ‘தேவையான அளவு கழிக்கப்படும்’ என்ற வாசகத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். உரிமையாளர் வீட்டுக்குள் வருவதற்கு 24 மணி நேரத்துக்கு முன் தெரிவிக்க வேண்டும் என்பதையும், சண்டையைக் காரணம் காட்டித் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பாகப் பெண்கள் தனியாக இருக்கும் வீடுகளில் இந்த இரண்டும் பலமுறை மீறப்படுகின்றன.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, குடியிருக்கும் அத்தனை பேரின் பெயரும் ஒப்பந்தத்தில் இருப்பது. ஒருவர் மட்டும் கையெழுத்திட்டால் மொத்த வாடகைக்கும் சேதத்துக்கும் அவர் ஒருவரே பொறுப்பாளி. மற்றவர்களோ சட்டத்தின் கண்ணில் விருந்தாளிகள். எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக் கூடாது என்பதால், பிற்பாடு புதிதாக ஒருவரைச் சேர்ப்பதற்கும் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். ‘குடியிருப்பவர்களில் ஒருவர் விலகினால், முன்னறிவிப்போடு வேறொருவரைச் சேர்க்கலாம்’ என்ற ஒரு வரியை முதல் நாளே எழுதி வாங்கிவிட்டால் பின்னால் வரும் தலைவலியில் பெரும்பகுதி நீங்கும். ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும்படி மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். காவல் நிலையத்தில் தர வேண்டும் என்று சொன்னால் அதற்கான படிவத்தில் நீங்களே நிரப்பிக் கொடுங்கள்.

உங்களுக்குள் ஒப்பந்தம்

இதற்கு முத்திரைத்தாள் தேவையில்லை. ஒரு தாளிலோ எல்லோரும் பார்க்கக்கூடிய கூகுள் டாக்ஸிலோ எழுதி, எல்லோரும் படித்துச் சரி என்று குழுவில் பதில் அனுப்பினால் போதும். நண்பர்களுக்குள் எழுத்து எதற்கு என்று ஒருவராவது கேட்பார். நட்பை நம்பாததால் எழுதவில்லை, ஞாபகத்தை நம்ப முடியாததால் எழுதுகிறோம் என்று அவருக்குச் சொல்லுங்கள். ஒன்றரை வருடம் கழித்து யார் என்ன சொன்னார்கள் என்பது எவருக்கும் ஒரே மாதிரி நினைவில் இருப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். மூவர் சேர்ந்து 24,000 ரூபாய் வாடகைக்கு ஒரு வீடு எடுக்கிறார்கள். அட்வான்ஸ் ஐந்து மாதம், 1,20,000 ரூபாய். குளியலறை சேர்ந்த பெரிய அறைக்கு 9,000, நடு அறைக்கு 8,000, ஜன்னல் சிறிதாக உள்ள மூன்றாவது அறைக்கு 7,000 என்று வாடகையைப் பிரிக்கலாம். சமமாகப் பிரித்துவிட்டு மாதாமாதம் மனத்துக்குள் புழுங்குவதைவிட இது நல்லது. அட்வான்ஸை மட்டும் ஆளுக்கு 40,000 என்று சமமாகப் போடுவது கணக்குக்கு எளிது. நிறுவனத்தில் வாடகைப்படிக்கு வரிவிலக்குக் கோருபவர்கள், பழைய வரிமுறையில் இருந்தால், அவரவர் பங்குக்குத் தனித்தனி ரசீது வாங்க வேண்டும். மேற்சொன்ன கணக்கில் 9,000 கொடுப்பவரின் ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டுவதால், அவர் உரிமையாளரின் பான் எண்ணையும் கொடுக்க வேண்டியிருக்கும். இதைக் குடியேறும் முன்பே உரிமையாளரிடம் சொல்லிவிடுங்கள். மார்ச் மாதத்தில் போய்க் கேட்டால் சிலர் தர மறுப்பார்கள்.

இனி நடு அறைக்காரர் பத்தாவது மாதத்தில் கிளம்புகிறார் என்று வையுங்கள். உரிமையாளர் அவருடைய 40,000 ரூபாயைத் தனியாகத் தரமாட்டார். வீட்டை மொத்தமாகக் காலி செய்யும்போதுதான் தருவார். மீதி இருவரிடம் அவ்வளவு பணம் கையில் இருக்காது. எனவே, அவர் இடத்துக்கு வருபவர் அந்தப் பங்கை அவருக்குக் கொடுத்து உரிமையை ஏற்றுக்கொள்வதே இயல்பான வழி. வெள்ளையடிக்கும் கழிப்பு ஒரு மாத வாடகை என்று ஒப்பந்தத்தில் இருந்தால் ஆளுக்கு 8,000 ரூபாய் வரும். அதில் பாதியைக் கிளம்புபவர் ஏற்று, வருபவரிடமிருந்து 36,000 மட்டும் வாங்கிக்கொள்வது நியாயமான கணக்கு. இது நடப்பதற்கு நான்கு விஷயங்களை முன்பே எழுதியிருக்க வேண்டும்: எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும், மாற்றாளைத் தேடும் பொறுப்பு யாருடையது, வருபவரை மறுக்க மற்றவர்களுக்கு உரிமை உண்டா, ஆள் கிடைக்கும்வரை அந்த அறையின் வாடகையை யார் கட்டுவது. இரண்டு மாத முன்னறிவிப்பு, தேடுவது கிளம்புபவரின் பொறுப்பு, ஏற்பதும் மறுப்பதும் இருப்பவர்களின் உரிமை, முன்னறிவிப்புக் காலம் முடியும்வரை கிளம்புபவர் வாடகை கட்ட வேண்டும் என்பதே என் பரிந்துரை. அதற்கு மேல் காலியாக இருந்தால் இருப்பவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் வருபவரை மறுக்கும் உரிமையை அவர்கள்தான் வைத்திருக்கிறார்கள். வேலை போய்விட்டதாலோ பெற்றோரின் உடல்நிலையாலோ ஒருவர் திடீரென்று போக நேர்ந்தால் இந்த விதிகளைத் தளர்த்துங்கள். விதி எழுதியிருந்தால்தான் எதைத் தளர்த்துகிறோம், யாருக்காகத் தளர்த்துகிறோம் என்று எல்லோருக்கும் தெரியும்.

வாடகையை ஒருவர் கணக்குக்கு அனுப்பி அவர் மொத்தமாகக் கட்டுவதானால், உரிமையாளரின் தேதிக்கு இரண்டு நாள் முன்பே அது வந்து சேர வேண்டும் என்று வையுங்கள். ஒவ்வொரு மாதமும் மற்றவர்களிடம் பணம் கேட்டு நிற்கும் நிலை ஒரே ஆளுக்கு வரக் கூடாது; மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பொறுப்பு கைமாறட்டும்.

குடியிருக்கும் நாட்களில்

சமையல் எரிவாயுவுக்கு முகவரிச் சான்றோடு புதிய இணைப்பு பெறுவது நீண்டகாலத்துக்கு மலிவு. உடனே வேண்டுமென்றால், முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டையை மட்டும் காட்டி வாங்கக்கூடிய 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது. இணைப்பு, வைஃபை, தண்ணீர் கேன் ஆகியவற்றை ஆளுக்கொன்றாகப் பெயரில் வாங்குங்கள்; எல்லாம் ஒருவர் பெயரில் இருந்தால், அவர் கிளம்பும் நாளில் வீடே நின்றுவிடும்.

அரிசி, பருப்பு, எண்ணெய், பால், சோப்பு ஆகியவற்றுக்கு மாதத் தொடக்கத்தில் ஆளுக்கு ஒரு தொகை போட்டுப் பொதுப் பணமாக வைப்பதும், அவரவர் விருப்பத்துக்கு வாங்குவதை அதில் சேர்க்காமல் இருப்பதும் போதுமான ஏற்பாடு. வீட்டு வேலைக்கும் சமையலுக்கும் வரும் அக்காவின் சம்பளத்தை மட்டும் எக்காரணத்தாலும் தள்ளிப் போடாதீர்கள். மூன்று பேர் இருக்கும் வீட்டில், மற்றவர் கொடுத்திருப்பார் என்று மூவரும் நினைத்துவிடுவதால் அவர் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டிய நிலை வருகிறது. நம் சோம்பலின் விலையை அவர் குடும்பம் கொடுக்கக் கூடாது. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஒரு மாதச் சம்பளத்தைக் கூடுதலாகத் தருவதற்கும் பொதுப் பணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வாருங்கள்.

காலி செய்யும்போது

இதற்கான வேலை குடியேறிய அன்றே தொடங்குகிறது. சாவி வாங்கிய நாளில், சாமான்களை இறக்குவதற்கு முன், சுவர் விரிசல், ஓதம், உடைந்த ஓடு, கீறல் விழுந்த சிங்க், மின்விசிறிகளின் எண்ணிக்கை, மீட்டர் அளவு எல்லாவற்றையும் படமெடுத்து உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, பார்த்துவிட்டேன் என்ற பதிலை வாங்குங்கள். அந்தத் தேதியிட்ட படங்கள்தான் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு உங்கள் அட்வான்ஸைக் காக்கும். கிளம்பும் முன்னறிவிப்பையும் வாய்மொழியாகச் சொல்லாமல் எழுத்தில் அனுப்புங்கள்.

கடைசி மாதங்களின் வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம் என்று சில உரிமையாளர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொண்டால் அதுவே உங்களுக்குப் பாதுகாப்பானது. மறுத்தால், சாவியைக் கொடுக்கும் அன்றே வீட்டைச் சேர்ந்து சுற்றிப் பார்த்து, கழிப்புகளை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, மீதித் தொகை எந்தத் தேதியில் வரும் என்பதையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள். கடைசி மின் கட்டணம் காலி செய்த பிறகே வரும் என்பதால், அன்றைய மீட்டர் அளவை வைத்துக் கணக்கிட்டு அங்கேயே முடித்துவிடலாம்.

சேர்ந்து வாங்கிய ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் யாருக்கு என்பது கடைசியில் மிஞ்சும் கேள்வி. வாங்கும்போதே ஒரு பொருளை ஒருவர் முழுப் பணம் கொடுத்து வாங்குவது, மற்றவர் அதே அளவு மதிப்புள்ள இன்னொன்றை வாங்குவது என்று பிரித்துக்கொண்டால் கேள்வியே எழாது. சேர்ந்து வாங்கிவிட்டீர்கள் என்றால், பழைய பொருள் வாங்கும் கடையில் என்ன விலைக்கு எடுப்பார்கள் என்று கேட்டு, வைத்துக்கொள்பவர் அந்த விலையில் மற்றவர்களின் பங்கைக் கொடுத்துவிடலாம். அட்வான்ஸ் கணக்கில் வந்து சேர்ந்த அன்றே பிரித்து அனுப்பிவிட்டு, ஒப்பந்தத்தின் நகலையும் ரசீதுகளையும் அடுத்த வருமான வரிக் கணக்கு தாக்கல் முடியும்வரை ஒவ்வொருவரும் பத்திரமாக வைத்திருங்கள்; வங்கியிலும் அலுவலகத்திலும் எரிவாயு முகவரிடமும் கொடுத்திருந்த பழைய முகவரியை மாற்றிவிடுங்கள்.